கடைத்தெருவும் கடுகதியும்: வீதியோரச் செயற்பாடு வாகன வேகத்தைப் பாதிக்கும் விதம் பற்றிய ஒரு மீள்நோக்கு

இலங்கையின் ‘ஏ’ தர வீதிகளுள் மிக நீளமான ஏ4 நெடுஞ்சாலை கொழும்பில் புறப்பட்டு, இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை ஆகிய ஊர்களைக் கடந்து மட்டக்களப்பில் முடிகிறது. கல்முனைக்கு அப்பால் அது செல்லும் நிலம் ஒடுங்கியது. கிழக்கே வங்காள விரிகுடாவும் மேற்கே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியும் அதனை நெருக்குகின்றன. புகையிரதப் பாதை மட்டக்களப்பு நகரோடு நின்றுவிடுவதால், கொழும்புக்குப் போகும் கடுகதி பஸ், நெல் ஏற்றிய லொறி, மீன் கொண்டுசெல்லும் குளிரூட்டி வண்டி, பாடசாலைப் பிள்ளையின் துவிச்சக்கர வண்டி என யாவும் பெரும்பாலும் இருதடமான இந்த ஒரே வீதியையே நம்பியிருக்கின்றன. மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தொலைவில், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வரும் வீதி வந்து சேரும் களுவாஞ்சிக்குடியில், நெடுஞ்சாலையே கடைத்தெருவாகவும் ஆகிவிடுகிறது. ஆதார வைத்தியசாலை, நீதிமன்றம், பிரதேச செயலகம், பட்டிருப்பு மத்திய மகா வித்தியாலயம், சந்தை ஆகியவற்றை நாடி கிழக்குக் கரையான எழுவான்கரையின் மக்களும் படுவான்கரை மக்களும் இங்கே வந்து இறங்குகின்றனர்.

இத்தகைய இடங்களில் வீதியின் ஓரத்தில் நடப்பவை வீதியின் நடுவே ஓடும் வாகனங்களின் வேகத்தை எவ்வளவு குறைக்கின்றன, அக்குறைவை இழப்பாகக் கொள்வதா நன்மையாகக் கொள்வதா என்ற கேள்விக்குப் போக்குவரத்துத் துறையில் நீண்ட வரலாறு உண்டு. அதற்கு அளிக்கப்பட்ட விடைகள் பெரும்பாலும் வேறு நாட்டு வீதிகளில் பிறந்தவை. அவற்றின் தோற்றத்தையும் வலிமையையும் குறைபாட்டையும் களுவாஞ்சிக்குடி போன்ற ஒரு வீதிநகரின் முன் நிறுத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பக்க உராய்வு என்னும் கருத்து

ஓடும் வாகனத்தை வீதியோரச் செயற்பாடு தடைப்படுத்துவதைப் போக்குவரத்துப் பொறியியலாளர் ‘பக்க உராய்வு’ என்பர். குழாயில் ஓடும் நீரை அதன் சுவர் தடுப்பதைப் போல, வீதியின் விளிம்பு அதில் ஓடும் வாகனத் தொடரை இழுத்துப் பிடிக்கிறது என்பது இச்சொல்லின் உட்பொருள். வீதியைக் கடப்போரும் ஓரமாக நடப்போரும், நிறுத்திய வாகனங்களும் நிறுத்த முனையும் வாகனங்களும், ஒழுங்கைகளிலிருந்தும் கடை வாசல்களிலிருந்தும் வெளியேறுவனவும் உள்நுழைவனவும், மாட்டு வண்டி, உழவு இயந்திரம் முதலிய மெதுவான ஊர்திகளும் இதில் அடங்கும். உவமை வசதியானது, ஆயினும் தவறான வழியிலும் இட்டுச்செல்லக்கூடியது. குழாயின் சுவர் நீருக்காகவே அமைந்தது. கடைத்தெருவோ வாகனத்துக்காக அமைந்ததன்று. பெயரிலேயே ஒரு சார்பு புகுந்துவிட்டதை இத்துறையின் பிற்கால விவாதங்கள் மெல்ல மெல்லவே உணர்ந்தன.

இழப்பாகக் கணக்கிடும் மரபு

முதல் நிலைப்பாடு கொள்ளளவுக் கணக்கிலிருந்து பிறந்தது. ‘கொள்ளளவு’ என்பது ஒரு வீதி ஒரு மணி நேரத்தில் கடத்திவிடக்கூடிய வாகனங்களின் உச்ச எண்ணிக்கை. அமெரிக்கப் பொறியியலாளர் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் 1930களில் வாகனங்களைப் படமெடுத்து அளந்து, வாகன அடர்த்தி கூடக்கூட வேகம் நேர்கோட்டில் குறைகிறது என்று காட்டினார். 1950 இல் முதன்முதல் வெளிவந்த அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கைந்நூல் இந்த வழியை வளர்த்தெடுத்தது. வீதியோரத்தை அதன் பிற்காலப் பதிப்பு பெரும்பாலும் ‘நுழைவாயில் அடர்த்தி’ என்ற ஒரே அளவாகச் சுருக்கியது: இருதட நெடுஞ்சாலையில் மைலுக்கு 10 நுழைவாயில்கள் இருந்தால் தடையிலா வேகம், அதாவது முன்னே வேறு வாகனம் இல்லாதபோது ஓட்டுநர் தாமாக எடுக்கும் வேகம், மணிக்கு 2.5 மைல் குறையும் என்பது அதன் மதிப்பீடு. வாசல்களை எண்ணிய அக்கைந்நூல் வாசலில் என்ன நடக்கிறது என்பதைப் பொருட்படுத்தவில்லை. கடையின் முன் மனிதர் நிற்பதும் பேசுவதும் அரிதான புறநகர் நெடுஞ்சாலைகளுக்கு அது போதுமாயிருந்திருக்கலாம்.

ஆசிய நகரங்களுக்கு அது போதவில்லை என்பது இருவேறு இடங்களில் வெளிப்பட்டது. இந்திய வீதிக் காங்கிரஸ் 1990 இல் வெளியிட்ட நகர வீதிக் கொள்ளளவு வழிகாட்டி, ஓரத்து நுழைவுகள், நின்றிருக்கும் வாகனங்கள், குறுக்குப் போக்குவரத்து ஆகியவற்றின் அளவைக் கொண்டு வீதிகளை வகுத்தது. ஒரே அகலமுள்ள இருவழி இருதட வீதிக்கு, ஓரத் தடைகள் அற்ற முதன்மை வீதியாயின் மணிக்கு 1500 கார் அலகுகளும், ஓரத்தில் வாகனம் நிற்பதும் கடைகளுக்கு நேரடி நுழைவும் தாராளமாக உள்ள சேர்ப்பு வீதியாயின் 900 கார் அலகுகளும் அது பரிந்துரைத்தது. (பஸ், லொறி, சைக்கிள் ஆகியவற்றை ஒரு காருக்குச் சமமான பங்குகளாக மாற்றி எண்ணுவதே கார் அலகு.) அதே தார், அதே அகலம், வேறுபாடு முழுவதும் ஓரத்தில்.

அடுத்தது இந்தோனேசியா. சுவீடன் நாட்டு ஆய்வாளர் கார்ல்-லெனார்ட் பாங் முன்னின்று உருவாக்கி 1997 இல் வெளிவந்த இந்தோனேசிய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கைந்நூல், பக்க உராய்வை எண்ணத்தக்க ஒரு பொருளாக்கிய முதன்மையான முயற்சி எனலாம். 200 மீற்றர் நீளமான வீதித் துண்டில் ஒரு மணி நேரம் நின்று இரு பக்கத்து நிகழ்வுகளையும் எண்ண வேண்டும், பாதசாரிக்கு 0.5, நிற்கும் அல்லது நிறுத்தும் வாகனத்துக்கு 1.0, உள்நுழையும் அல்லது வெளியேறும் வாகனத்துக்கு 0.7, மெதுவான ஊர்திக்கு 0.4 என நிறையிட்டுக் கூட்ட வேண்டும். 100 இற்குக் குறைந்தால் மிகக் குறைவு, 900 ஐத் தாண்டினால் மிக உயர்வு, இடையில் மூன்று படிகள். ஓர் எடுத்துக்காட்டாக, 300 பாதசாரிகளும் 150 நிறுத்தங்களும் 200 நுழைவு வெளியேற்றங்களும் 150 மெதுவான ஊர்திகளும் எண்ணப்பட்டால் கூட்டுத்தொகை 150, 150, 140, 60 சேர்ந்து 500. அது ‘உயர்வு’ என்ற படியைத் தொடும்.

இக்கைந்நூலின் மிகப் பயனுள்ள செய்தி அந்த நிறைகளில் இல்லை. அடுத்து வரும் அட்டவணையிலேயே இருக்கிறது. பிரிப்பு இல்லாத இருதட வீதியில் உராய்வு மிக உயர்வாக இருக்கும்போது, தாரிட்ட தளத்துக்கு வெளியே ஒதுங்குவதற்கான ஓரப்பட்டை அரை மீற்றர் மட்டுமே எனில் வேகத்தை 0.73 ஆல் பெருக்க வேண்டும்; ஓரப்பட்டை இரண்டு மீற்றர் எனில் 0.91 ஆல் பெருக்கினால் போதும். அக்கைந்நூல் இலகுரக வாகனத்துக்குக் கொள்ளும் 44 கிலோமீற்றர் அடிப்படை வேகத்தில் இதனைப் பொருத்தினால் முதலாவது 32 கிலோமீற்றர், மற்றையது 40 கிலோமீற்றர். இரண்டிலும் மக்கள் கூட்டம் ஒன்றே, கடைகளும் ஒன்றே. 8 கிலோமீற்றர் வேறுபாட்டை உண்டாக்கியது செயற்பாடு அன்று, அச்செயற்பாட்டுக்கு விடப்பட்ட இடமே. கடைக்காரரையும் நடைபாதை வியாபாரியையும் நெரிசலுக்குக் காரணமாகச் சுட்டும் வழக்கமான பேச்சு இந்த அட்டவணையின் முன் வலுவிழந்துவிடுகிறது.

எண்ணிக்கையின் எல்லைகள்

இம்மரபைப் பின்பற்றிப் பிற்கால ஆய்வுகள் பல வந்தன. தான்சானியாவின் டார்-எஸ்-சலாம் நகரில் மசட்டு சிகுமா நடத்தி 2007 இல் ஸ்டொக்ஹோமில் சமர்ப்பித்த ஆய்வு, பல்வேறு உராய்வுக் காரணிகளை ஒரே அளவாகத் திரட்டி, அது வேகத்தைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிப்பதைக் காட்டியது. இந்தியாவில் மத்திய வீதி ஆய்வு நிறுவனம் 2017 இல் தனிக் கொள்ளளவுக் கைந்நூலை வெளியிட்டது. விளைவின் திசையில் ஐயமில்லை: உராய்வு கூடினால் வேகம் குறைகிறது. ஆனால் அளவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயர்ப்பதில் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன.

முதலாவது, உராய்வு எல்லா ஊர்தியையும் ஒரே விதமாகத் தொடுவதில்லை. கிழக்கிலங்கையின் எந்தக் கடைத்தெருவிலும் காணத்தக்க ஒரு காட்சி இதனைத் தெளிவாக்கும். தரிப்பிடத்தின் முன்பகுதியில் முச்சக்கர வண்டிகள் நிற்பதால், வந்து நிற்கும் பஸ்ஸின் பின்பாதி தடத்திலேயே தங்கிவிடுகிறது. பின்னால் வந்த வேன் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்த்தடத்தில் ஏறிச் செல்கிறது. அதற்கும் பின்னால் வந்த மோட்டார் சைக்கிளோ வேகத்தைச் சற்றும் குறைக்காமல், பஸ்ஸுக்கும் வடிகானுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய இடைவெளியில், மூதாட்டி ஒருவர் பையுடன் படியிறங்கும் அந்தப் பக்கமாகவே நுழைந்து போகிறது. பஸ்ஸின் வேகம் சுழியம், வேனின் வேகம் பாதி, மோட்டார் சைக்கிளின் வேகம் முன்பிருந்தபடியே. இம்மூன்றையும் கூட்டி ஒரு சராசரி எடுத்தால் அந்த எண் எந்த ஊர்தியையும் குறிக்காது. படியில் நின்ற மூதாட்டிக்கு நேர்ந்திருக்கக்கூடியதை நிச்சயமாகக் குறிக்காது.

இரண்டாவது, நிறைப்பட்டியலுக்குள் வராத உராய்வுகள் உண்டு. கிழக்கு மாகாணம் முழுவதும் பிரதேச சபைகள் திரும்பத் திரும்ப எதிர்கொள்ளும் கட்டாக்காலி மாடுகள் அவற்றுள் முக்கியமானவை. பகலில் அவை மெதுவான ஊர்தியைப் போலாவது கணக்கில் வரக்கூடும். கடைகள் அடைத்து வீதி வெறிச்சோடிய பின், பகல் வெப்பம் இன்னும் ஆறாத காப்பட் வீதியில் அவை படுத்துக்கொள்ளும்போது, உராய்வு எண்ணிக்கை ஏறத்தாழச் சுழியமாகவும் ஆபத்து உச்சமாகவும் இருக்கிறது. பெரும்போக அறுவடைக் காலத்தில் பட்டிருப்புப் பாலத்தின் வழியே வரும் உழவு இயந்திரங்களும், வீதியோரத்தில் பரப்பிக் காயவிடப்படும் நெல்லும், வைகாசியில் கண்ணகி அம்மன் ஆலயங்களின் சடங்குக் காலக் கூட்டமும் ஆண்டின் சில வாரங்களுக்கு மட்டும் வீதியின் இயல்பை மாற்றிவிடுகின்றன. ஒரு நாள், ஒரு மணி நேர எண்ணிக்கை இவற்றைப் பிடிப்பது கடினம்.

மூன்றாவது இடர்ப்பாடு தருக்கம் சார்ந்தது. ஒப்பீட்டளவில் குறைவாகவே பேசப்பட்டது. செயற்பாடு வேகத்தைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் கொள்கின்றன. வேகம் குறையும் இடத்தையே செயற்பாடு தேடி வருகிறது என்பதும் அதே அளவு உண்மை. பஸ் நிற்கும் இடத்துக்குக் கச்சான் தட்டு வருகிறது; கச்சான் தட்டும் பயணிகளும் சேர்ந்த இடத்துக்கு முச்சக்கர வண்டிகள் வருகின்றன; சந்தியில் வாகனங்கள் தாமாகவே மெதுவாவதால் அங்கே இளநீர்க் கடை நிலைக்கிறது. இவ்வாறு காரணமும் விளைவும் ஒன்றையொன்று ஊட்டும்போது, உராய்வும் குறைந்த வேகமும் சேர்ந்து காணப்படுவதை வைத்து உராய்வே முழுக் காரணம் என்று கணிப்பது அதன் பங்கை மிகைப்படுத்தக்கூடும். களுவாஞ்சிக்குடிச் சந்தியில் கடைகள் அனைத்தையும் ஒரு நாள் அகற்றினாலும், சந்தி என்பதனாலேயே வேகம் ஓரளவு குறைந்துதான் இருக்கும்.

அளக்கும் முறையும் விடையை மாற்றுகிறது. ஓரிடத்தில் நின்று கடக்கும் வாகனங்களின் வேகத்தைச் சராசரியாக்குவதும், ஒரு நீளத்தைக் கடக்க எடுத்த நேரத்திலிருந்து வேகத்தைப் பெறுவதும் வேறுவேறு எண்களைத் தரும் என்பதைப் பிரித்தானியரான ஜோன் வார்ட்ரொப் 1952 இலேயே தெளிவுபடுத்தினார். முதலாவது எப்போதும் இரண்டாவதைவிடக் கூடுதலாகவோ சமமாகவோ இருக்கும். வேகங்கள் சிதறியிருக்கும் அளவுக்கு இடைவெளி பெருகும். கடைத்தெருக்களில் சிதறல் மிகுதி என்பதால், ஓரிட அளவீட்டை மட்டும் நம்பிய முடிவுகளை எச்சரிக்கையுடனேயே ஏற்க வேண்டும்.

வேகம் குறைவதை நன்மையாகக் காணும் மரபு

மேற்கூறிய கணக்குகள் யாவும் வேகக்குறைவை நட்டக் கணக்கில் எழுதுபவை. அந்த நட்டம் எவ்வளவு பெரியது என்பதைத் தனியே பார்ப்பது பயன் தரும். 600 மீற்றர் நீளமான கடைத்தெருவை மணிக்கு 40 கிலோமீற்றரில் கடக்க 54 செக்கன் போதும். 20 கிலோமீற்றரில் 108 செக்கன். ஆக, பாதி வேகத்தில் கடந்தாலும் இழப்பு ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மறுபுறம், ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து தடையை அழுத்த ஒரு செக்கன் எடுத்தால், அதற்குள் 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஏறத்தாழ 14 மீற்றரும் 30 கிலோமீற்றரில் செல்வது 8 மீற்றருமே ஓடியிருக்கும். அந்த 6 மீற்றர் ஒரு மஞ்சள் கடவையின் அகலத்தைவிடப் பெரிது. சுவீடனின் கோரான் நில்சன் வகுத்த தொடர்பின்படி சராசரி வேகம் 1 வீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துகள் ஏறக்குறைய 4 வீதம் கூடும்.

இரண்டாவது நிலைப்பாடு இங்கிருந்து தொடங்குகிறது. அதற்கு முன், இலண்டன் பொலிஸ் அதிகாரி அல்கர் டிரிப் 1942 இலும், கொலின் புக்கானன் தலைமையிலான குழு 1963 இலும் வேறொரு தீர்வை முன்வைத்திருந்தனர்: ஓடும் வீதியையும் வாழும் தெருவையும் அடியோடு பிரித்துவிடுவது. உட்புற வீதிகள் பல உள்ள பெருநகரங்களில் அது இயலும். வாவிக்கும் கடலுக்கும் இடையே ஒரே பெருவீதி உள்ள இடத்தில் பிரிப்பது என்பது புறவழி வீதிக்கான நிலத்தைத் தேடுவதாகிவிடும். அந்நிலத்தில் ஏற்கெனவே குடியிருப்பும் தென்னந்தோட்டமும் இருக்கின்றன.

பிரிக்க முடியாதபோது கலக்க விடுவதே நன்று என்ற கருத்து நெதர்லாந்தில் வேரூன்றியது. 1960களின் இறுதியில் டெல்ஃப்ட் நகரில் குடியிருப்போர் தெருவை மீட்டமைத்த முயற்சிகள் 1976 இல் சட்ட ஏற்புப் பெற்றன. பின்னர் ஹான்ஸ் மொண்டர்மன் என்ற பொறியியலாளர் டிராக்டன் நகரின் பெருஞ்சந்தியில் சைகை விளக்குகளையும் குறியீடுகளையும் நீக்கி, ஓட்டுநர் மனிதரின் கண்ணைப் பார்த்தே ஓட்ட வேண்டிய நிலையை உருவாக்கினார். இந்நோக்கில் கடைத்தெருவின் கலகலப்பு, செலவில்லாத வேகத்தடை. டொனால்ட் அப்பிள்யார்ட் சான் பிரான்சிஸ்கோவில் செய்து 1981 இல் நூலாக்கிய ஆய்வு கேள்வியையே புரட்டிப் போட்டது: தெருவின் செயற்பாடு வாகனத்தை என்ன செய்கிறது என்பதை விட்டு, வாகனம் தெருவின் வாழ்வை என்ன செய்கிறது என்று அது கேட்டு, போக்குவரத்து மிகுந்த தெருவில் அயலவர் நட்பு சுருங்குவதைக் காட்டியது.

இந்நிலைப்பாட்டின் கவர்ச்சி பெரிது. பலவீனமும் அதற்கு இணையானது. கலப்பு முறை நன்கு இயங்கிய இடங்களில் வாகனங்கள் ஏற்கெனவே மெதுவானவை, ஓட்டுநர் பெரும்பாலும் உள்ளூரவர். இரவு முழுவதும் ஓடி, அடுத்த நகரத்துக்கு நேரத்துக்குச் சேர வேண்டிய நெடுந்தூரப் பஸ்ஸின் ஓட்டுநருக்கும் சந்தைக்கு வந்த பெண்ணுக்கும் இடையே கண்ணும் கண்ணும் சந்திக்கும் உடன்பாடு தானாக உருவாகும் என்று எதிர்பார்ப்பது கடினம். கண் பார்வை குன்றியவரும் சிறுவரும் அந்த உடன்பாட்டில் பங்குபெற முடியாதவர். அதற்கும் மேலாக, கூட்டமே வேகத்தைக் கட்டுப்படுத்தும் என்று விடப்பட்ட வீதியில், கூட்டம் கலைந்த பின்னர் வேகத்தைக் கட்டுப்படுத்த எதுவும் மிஞ்சுவதில்லை.

சராசரியும் சிதறலும்

மூன்றாவது நிலைப்பாடு, வேகம் கூடுதலா குறைவா என்பதை விட்டு, வேகங்களுக்கு இடையேயான வேறுபாட்டை நோக்குகிறது. அமெரிக்கக் கிராமப்புற நெடுஞ்சாலைகளை ஆராய்ந்து டேவிட் சொலமன் 1964 இல் வெளியிட்ட அறிக்கை, சராசரியிலிருந்து மேலாகவோ கீழாகவோ விலகி ஓடும் வாகனங்களே அதிக விபத்தில் சிக்குகின்றன என்று காட்டியது. வரைபில் இது ‘யு’ வடிவம் பெற்றது. இதன்படி பார்த்தால் வீதியோரச் செயற்பாடு வேகத்தைக் குறைப்பதைவிட, சிலரது வேகத்தை மட்டும் குறைத்துச் சிதறலைப் பெருக்குவதே ஆபத்து.

எனினும் 1971 இல் வெஸ்ட், டன் என்ற இருவர் திரும்பும் வாகனங்களை நீக்கிவிட்டு ஆராய்ந்தபோது, மெதுவான பக்கத்தின் உயர்வு பெருமளவு தணிந்தது. மெதுவாக ஓடியதால் விபத்து நேர்ந்தது என்பதைவிட, ஒழுங்கைக்குள் திரும்புவதற்காக மெதுவான கணத்தில் பின்னாலிருந்து மோதப்பட்டது என்பதே பல நிகழ்வுகளின் உண்மை போலும். நகர வீதிக்கு இத்திருத்தம் மிக முக்கியமானது. திரும்புதலும் நிறுத்துதலும் நீங்கினால் கடைத்தெருவில் எஞ்சுவது என்ன? சிதறல் என்ற கருத்து உராய்வு என்ற கருத்தை இடம்பெயர்க்கவில்லை. அதன் கூர்மையான வடிவத்தைத்தான் காட்டியது என்று கொள்வது பொருந்தும்.

இச்சிதறல் ஓரிடத்துக்குள் மட்டுமன்றி வீதியின் நீளத்திலும் நிகழ்கிறது என்பதை ஏ4 வீதியின் இப்பகுதி உணர்த்துகிறது. தெற்கிலிருந்து வருபவர் கோட்டைக்கல்லாறு, ஓந்தாச்சிமடம் பக்கத்தில் இருபுறமும் நீர் தெரியும் பாலவெளியைக் கடந்து, சில நிமிடங்களில் களுவாஞ்சிக்குடியின் நெரிசலுக்குள் வந்துவிடுகிறார். சட்டப்படி காருக்கான எல்லை வேகம் குடியிருப்புப் பகுதிக்கு வெளியே 70 கிலோமீற்றர், உள்ளே 50. ஆனால் களுதாவளை, தேற்றாத்தீவு, செட்டிபாளையம், குருக்கள்மடம் என வடக்கே தொடரும் ஊர்களில் ஓர் ஊர் முடிந்து அடுத்தது தொடங்குவது பல இடங்களில் பெயர்ப்பலகையால் மட்டுமே புலப்படுகிறது. ‘குடியிருப்புப் பகுதி’ என்ற சட்டச் சொல்லின் தொடக்கமும் முடிவும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடைத்தெருவுக்குள் உராய்வே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. அதற்கு வெளியே கடைகள் ஐதான, ஆனால் பாடசாலைப் பிள்ளைகள் வீதியைக் கடக்கும் துண்டுகளில் எதுவுமே குறைப்பதில்லை. அக்கறை தேவைப்படும் இடம் மிக நெரிசலான 200 மீற்றரா, அதற்கு முன்னும் பின்னுமுள்ள துண்டுகளா என்று கேட்டால், கிடைக்கும் சான்றுகள் இரண்டாவதன் பக்கமே சாய்கின்றன என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. உராய்வுக் கைந்நூல்கள் முதலாவதையே அளக்கின்றன.

ஓரப்பட்டை யாருடையது

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பீட்டர் ஜோன்ஸும் உடனாய்வாளரும் 2007 இல் முன்வைத்த அணுகுமுறை, ஒவ்வொரு வீதித் துண்டுக்கும் ‘இணைப்பு’ என்ற தரத்தையும் ‘இடம்’ என்ற தரத்தையும் தனித்தனியே இடச் சொல்கிறது. ஏ4 இணைப்பாக மிக உயர்ந்தது. களுவாஞ்சிக்குடிக் கடைத்தெரு இடமாகவும் உயர்ந்தது. இரண்டும் உயர்ந்த துண்டுகளே மிகக் கடினமானவை என்பதை அந்த அணுகுமுறையும் ஒப்புக்கொள்கிறது. காத்தான்குடியில் இதே வீதியின் நடுவே பேரீச்ச மரங்களோடு பிரிப்புத் திட்டு அமைந்தது ஒருவகை விடை: குறுக்கே கடப்பதும் எதிர்த்தடத்தில் ஏறுவதும் கட்டுப்படுகின்றன, ஆனால் திரும்புதல்கள் யாவும் திட்டின் இடைவெளிகளில் குவிகின்றன.

ஓரப்பட்டையை அகலமாக்கினால் 32 கிலோமீற்றர் 40 ஆகும் என்ற இந்தோனேசிய அட்டவணை, அகலமாக்கிய பட்டை வெறுமையாகவே இருக்கும் என்ற எடுகோளில் நிற்கிறது. இலங்கையில் ‘ஏ’ தர வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. கடைகளுக்கான அனுமதியும் சந்தையும் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பிரதேச சபையின் பொறுப்பு. வாகனம் நிறுத்துவதைக் கண்காணிப்பது பொலிஸ். பக்க உராய்வு நிகழ்வது சரியாக இம்மூன்று அதிகாரங்களும் உரசும் அந்த ஒன்றிரண்டு மீற்றரில். புதிதாகக் கிடைக்கும் ஓரப்பட்டை எவ்வளவு காலம் ஒதுங்குமிடமாக நீடிக்கும், எப்போது வாகனத் தரிப்பிடமாகவும் பின்னர் கடையின் முன்தட்டாகவும் மாறும், மாறிய பின் வேகம் முன்பிருந்த அளவுக்குத் திரும்புமா, அதற்கும் கீழே இறங்குமா என்பவை கைந்நூல்களின் அட்டவணைகள் தொடாத கேள்விகள். ஒரே வீதித் துண்டை அகலமாக்குவதற்கு முன்னும், அகலமாக்கிய மறு ஆண்டும், அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும், அறுவடைக் காலத்திலும் மழைக் காலத்திலும், பகலிலும் மாடுகள் படுக்கும் இரவிலும் எண்ணிப் பார்க்கும் ஆய்வுகளே அவற்றுக்கு விடை தரக்கூடும்.